ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியாவுக்குக் கிடைத்தது சுழற்சி முறைத் தலைமை
"ஐ.நா. பாதுகாப்பு அவைக்கே இந்தியா தலைமை தாங்கிவிட்டது, இனி வல்லரசு இல்லை என்று யார் சொல்வது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தலைமை தாங்கியது உண்மைதான், 2021 ஆகஸ்ட்டில். ஆனால் அது யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பதவி இல்லைங்க. 15 உறுப்பு நாடுகளுக்கும் ஆங்கில அகரவரிசைப்படி மாதம் ஒருவராகச் சுற்றி வரும் முறை அது. ஜூலையில் பிரான்ஸ், ஆகஸ்ட்டில் இந்தியா, அடுத்து அயர்லாந்து, அதற்கடுத்து கென்யா. அப்படியானால் கென்யாவும் வல்லரசா?

2021-22ல் நமக்கு இருந்தது இரண்டாண்டு தற்காலிக இடம். அதற்கு 184 வாக்குகள் வாங்கினோம், பெருமைதான். போட்டிக்கு ஆள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். அந்த இடத்துக்கு வீட்டோ, அதாவது ஒரு தீர்மானத்தைத் தனி ஆளாகத் தடுத்து நிறுத்தும் அதிகாரம், கிடையாது.

நிரந்தர இடம் வேறு சமாச்சாரம். அதற்கு ஐ.நா. சாசனத்தையே திருத்தணும். 193 நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 129 நாடுகள் ஒத்துக்கொள்ளணும். அப்புறம் வீட்டோ வைத்திருக்கும் ஐந்து நாடுகளும் ஒன்றுவிடாமல் ஒப்புதல் தரணும். அந்த ஐந்தில் சீனாவும் ஒன்று. பாதுகாப்பு அவை இதுவரை பெரிதானது ஒரே முறை, 1965ல், 11 இடங்களிலிருந்து 15ஆக. அப்போதும் கூடியவை தற்காலிக இடங்கள் மட்டுமே.