ராக்கி கேளுங்கள், தட்டு தானாக வரும்

கிரீஸின் கிரீட் தீவுக்குப் போகிறோம், கையைக் கடிக்காமல் உட்கார்ந்து குடிக்க நல்ல இடமாகச் சொல்லுங்கள் என்று கேட்கிற எல்லோருக்கும் மொத்தமாக இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். தனித்தனியாக எழுதி மாளவில்லை. இது என் கருத்து மட்டும்தான். கிரீஸில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருந்தால் கீழே வந்து தாராளமாகச் சண்டை போடலாம்.

ஒரு பீர் எத்தனை யூரோ என்று பார்த்துக் கடையை முடிவு செய்யாதீர்கள். கிரீட்டில் அந்தக் கணக்கு உதவாது. எழுந்து வரும்போது வயிறு நிறைந்திருந்ததா, பில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தால், ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று நியான் விளக்கில் எழுதி வைத்திருக்கும் கடைதான் தீவிலேயே விலை கூடிய கடை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய், வாசலில் நாலு கிழவர்கள் தாவ்லி என்கிற பகடை ஆட்டத்தில் காய் உருட்டிக்கொண்டிருக்கும் கடைதான் மலிவு.

ஹானியா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெனிஸ்காரர்கள் கட்டிய பழைய துறைமுகம், முனையில் கலங்கரை விளக்கம், அரைவட்டமாகச் சுற்றி ஓட்டல்கள். பார்க்க அள்ளிக்கொண்டு போகும், மறுக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் மெனு அட்டையோடு நின்று, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார். நீங்கள் எந்த ஊர் என்று ஊகித்து அந்த மொழியில் இரண்டு வார்த்தையும் பேசுவார். அங்கே நீங்கள் கொடுப்பது தண்ணியின் விலை அல்ல, தண்ணீரைப் பார்க்கும் நாற்காலியின் வாடகை. சூரியன் இறங்கும் நேரத்தில் ஒரே ஒரு கிளாஸ் அங்கே குடித்தால் தப்பில்லை. அந்த வெளிச்சத்துக்குக் காசு கொடுக்கலாம். ஆனால் இரண்டாவது கிளாஸுக்கு அங்கேயே உட்கார்ந்திருப்பது சோம்பேறித்தனம்.

ஏனென்றால் அங்கிருந்து உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் ஸ்ப்லான்ட்சியா சதுக்கம். நடுவில் பெரிய மரம், அதன் கீழே மேசைகள், பக்கத்தில் புனித நிக்கோலஸ் தேவாலயம். வெனிஸ்காரர் காலத்துக் கட்டடம். துருக்கியர் வந்து மசூதியாக்கினார்கள், பிறகு மறுபடியும் தேவாலயமானது. அதனால் ஒரே கட்டடத்துக்கு இந்தப் பக்கம் மணிக்கூண்டு, அந்தப் பக்கம் மினாரெட். அதைப் பார்த்துக்கொண்டு குடிப்பதற்குத் துறைமுகத்து வாடகை கிடையாது. ஒரு காலத்தில் முழுக்க உள்ளூர்க்காரர் இடமாக இருந்தது. இப்போது எங்களைப் போன்றவர்கள் கண்டுபிடித்துவிட்டோம், விலையும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. போவதானால் சீக்கிரம் போங்கள்.

ரெதிம்னோ, ஹெராக்லியோன் இரண்டுக்கும் இன்னொரு வசதி உண்டு. கிரீட் பல்கலைக்கழகம் இந்த இரண்டு ஊர்களிலும் இருக்கிறது. மாணவர்கள் இருக்கும் ஊரில் மலிவான கடை இல்லாமல் போகாது, எந்த நாடாக இருந்தாலும் சரி. ஹெராக்லியோனில் சிங்க நீரூற்றுச் சதுக்கத்தில் உட்காராமல், பக்கத்துச் சந்துகளில் இளவட்டங்கள் கூட்டமாக நிற்கும் கடையாகப் பாருங்கள். பீர் பெரும்பாலும் அரை லிட்டர் பாட்டிலில் வரும். மித்தோஸ், ஃபிக்ஸ், ஆல்ஃபா, எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஹானியா பக்கம் போனால் உள்ளூரில் காய்ச்சும் ஹார்மா கேட்டுப்பாருங்கள், அது வேறு ரகம். ஒரு பாட்டிலுக்கு இரண்டு கிளாஸ் வைப்பார்கள். பகிர்ந்து குடிப்பதை அங்கே யாரும் கஞ்சத்தனமாகப் பார்ப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிரீட்டில் கையைக் கடிக்காமல் குடிக்க வேண்டும் என்றால் தேட வேண்டியது பாரை அல்ல, காஃபெனியோவை. காலையில் காபிக்கடை, மதியம் சீட்டாட்ட மன்றம், சாயங்காலம் சாராயக்கடை, தேர்தல் சமயத்தில் கட்சி அலுவலகம், எல்லாம் அந்த ஒரே அறைதான். நீல வண்ண மரநாற்காலி, ஆட்டம் காணும் மேசை, சுவரில் முன்னோர் யாராவது மீசையோடு முறைத்துக்கொண்டிருக்கும் படம். அங்கே போய், திராட்சையில் காய்ச்சும் உள்ளூர்ச் சாராயமான ‘ராக்கி’யின் பேரை ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெனு கேட்காதீர்கள். பல இடங்களில் இருக்கவும் இருக்காது.

போன முறை போனபோது நானும் என் கணவரும், கூடவே அவருடைய அக்காவும். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி சுத்த சைவம், வங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். ஹானியாவுக்குக் கிழக்கே அப்போகொரோனாஸ் பகுதியில் ஒரு கிராமம். பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். கடை வைத்திருக்கும் அம்மா ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் ராக்கி கொண்டுவந்தார். கராஃபாக்கி என்பார்கள், உள்ளங்கையில் அடங்கும் அளவு, குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததால் மேலெல்லாம் வேர்த்திருந்தது. கூடவே விரல் உயரத்துக்குச் சின்னச் சின்ன கிளாஸ்கள். கணவர் வண்டி ஓட்டுகிறவர் என்பதால் அவருக்கு எலுமிச்சைச் சாறு, அண்ணிக்குக் காபி.

ராக்கியோடு ஒரு தட்டும் வந்தது. சுருங்கின கறுப்பு ஆலிவ், உப்புத் தூவிய வெள்ளரி, நாலு துண்டு கிராவியேரா பாலாடைக்கட்டி. அது முடியும் முன்னாலேயே இன்னொன்று. வாற்கோதுமை ரஸ்க் மேல் தக்காளியைத் துருவிப் போட்டு, வெள்ளைப் பாலாடைக்கட்டியை உதிர்த்து, ஆலிவ் எண்ணெயை ஊற்றோ ஊற்று என்று ஊற்றியிருந்தார்கள். டாக்கோஸ் என்று பேர். அண்ணி என் காதருகே வந்து, “ஏம்மா, நாம இதெல்லாம் கேக்கவே இல்லையே. பில்லுல போட்டுட்டாங்கன்னா?” என்றார்.

“போட மாட்டாங்க அண்ணி. ராக்கியோட வர்றது. சாப்பிடுங்க.”

“அப்ப கடைக்கு எப்படிக் கட்டுபடியாகுது?”

நியாயமான கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன். இரண்டாவது குடுவை சொன்னதும் சூடாக, ஆலிவ் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும், ரோஸ்மேரியும் வினிகரும் போட்டுப் பிரட்டிய நத்தையும் வந்தன. நத்தையைப் பார்த்து அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டதைப் பார்த்ததும், அந்த அம்மா எதுவும் கேட்காமல் உள்ளே போய் வேகவைத்த காட்டுக்கீரையில் எலுமிச்சை பிழிந்து எடுத்துவந்தார். நத்தையை முழுக்க என் கணவர் பார்த்துக்கொண்டார். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனுஷன்தான் அன்றைக்கு அதிகம் சாப்பிட்டது. மூன்று பேருக்கும் சேர்த்து இருபது யூரோவைத் தாண்டவில்லை. துறைமுகத்தில் அதற்கு இரண்டு காக்டெய்ல் வந்தால் பெரிய விஷயம். வேர்க்கடலையும் தருவார்கள், எண்ணி.

எப்படிக் கட்டுபடியாகிறது என்றால், ராக்கி அவர்களுக்கு வெளியிலிருந்து வரும் சரக்கு இல்லை. திராட்சையைப் பிழிந்து ஒயினுக்குச் சாறு எடுத்தபின் மிஞ்சும் தோலையும் விதையையும் நொதிக்க விட்டு, செப்புக் கொப்பரையில் காய்ச்சி வடிப்பது அது. தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் இலையுதிர் காலத்தில் உரிமம் வாங்கித் தாங்களே காய்ச்சுவார்கள். பெரிய ஆலைகளுக்கு இருந்த வரியெல்லாம் இந்தச் சிறு காய்ச்சலுக்குக் காலங்காலமாகக் கிடையாது, பெயருக்கு ஒரு தொகைதான் இருந்தது. இது விதிக்குப் புறம்பு என்று 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. கிராமத்துக் கடைகளில் அந்தத் தீர்ப்பின் வாடையைக்கூட நான் பார்க்கவில்லை. தட்டில் வரும் ஆலிவும் எண்ணெயும் கீரையும் அவர்கள் தோட்டத்தில் விளைந்தவை. நேர்மாறாக, நீங்கள் விஸ்கியோ ஜின்னோ கேட்டால், 2010 கடன் நெருக்கடியில் ஏற்றிய கலால் வரி, அதற்கு மேல் 24 சதவீதம் வாட், இறக்குமதிச் செலவு எல்லாம் உங்கள் கிளாஸில் மிதக்கும். ஊருக்கு ஊர் போய் ஊரில் கிடைக்காததைக் கேட்பவர்கள் விலை அதிகம் என்று புலம்புவதில் எனக்கு இரக்கமே வருவதில்லை.

ஒயினும் அப்படித்தான். பாட்டில் வேண்டாம். கடையின் சொந்த ஒயின் அரைக் கிலோ என்று கேளுங்கள். ஆமாம், கிலோ கணக்கில்தான் கேட்பார்கள். தகரக் குவளையிலோ கண்ணாடிக் குடுவையிலோ வரும். எல்லாக் கடையிலும் நன்றாக இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சில இடங்களில் புளித்துத் தொலைக்கும். ஆனால் விலைக்குப் பரவாயில்லை.

மாலியா, ஹெர்சோனிசோஸ் பக்கம் இருக்கும் இரவுத் தெருக்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இருபது வயசுப் பையன்கள் கும்பலாகப் போய், மீன்தொட்டி மாதிரிக் கிண்ணத்தில் பல வண்ணத் திரவத்தை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும் இடம். மலிவுதான். ஆனால் அந்த விலைக்கு உள்ளே என்ன ஊற்றுகிறார்கள் என்று யோசியுங்கள். கலப்படச் சரக்கைக் கிரேக்கர்களே ‘பொம்பா’ என்பார்கள், குண்டு என்று அர்த்தம். மறுநாள் காலை தலைக்குள் வெடிப்பதால் பொருத்தமான பேர்தான். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. எனக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்கிறேன். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் இந்த மாதிரித் தெருக்களின் ரகளை தாங்காமல் மகலுஃப் உள்ளிட்ட பகுதிகளில் ‘ஹேப்பி அவர்’ சலுகைகளையும் கும்பலாகக் கடை கடையாகக் குடித்துச் செல்வதையும் 2020-ல் சட்டம் போட்டே தடுத்தார்கள். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

கடற்கரை பார்களுக்கு வேறு கணக்கு. அங்கே குடையும் சாய்வு நாற்காலியும்தான் சரக்கு, பீர் ஒரு சாக்கு. உட்காரும் முன் குடைக்கு எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கிரீஸில் கடற்கரை பொதுச்சொத்து. 2023-ல் பாரோஸ் தீவுக்காரர்கள் இந்தக் குடைகளின் ஆக்கிரமிப்பைத் தாங்காமல் துண்டை விரித்துப் போராடினார்கள், அது மற்ற தீவுகளுக்கும் பரவியது. குடைகள் இல்லாத இடத்தில் நீங்களும் துண்டை விரித்து உட்காரலாம். தெருமுனைப் பெட்டிக்கடையில் குளிர்ந்த பீர் கிடைக்கும். பெரிப்டெரோ என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

பில் விஷயத்தில் ஒன்று. கிரேக்க ஓட்டல் மெனுவின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று. சுற்றுலாத் தெருவில் அதை நினைவில் வையுங்கள். விலை எழுதாத மீனை எடை தெரியாமல் ஆர்டர் செய்யாதீர்கள். ரொட்டி பெரும்பாலும் காசுக்குத்தான், அது வழக்கம், அதற்குப் போய் மல்லுக்கட்ட வேண்டாம். சாப்பாடு முடிந்ததும் கேட்காமலேயே வரும் பழத்துண்டும் ஒரு குட்டிக் குடுவை ராக்கியும் கடையின் அன்பு, அதற்குக் காசில்லை. வண்டி ஓட்டுகிறவர் அதற்கும் மயங்கக் கூடாது. வடக்குக் கடற்கரைச் சாலையில் பாதி வண்டி ஓரக்கோட்டுக்கு வெளியே ஓடுவதைப் பார்த்தால் உங்களுக்கே போதை இறங்கிவிடும். பெரிய ஊர்களுக்கு இடையே கேடெல் பேருந்து இருக்கிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் போகலாமா என்று தயங்கித் தயங்கிச் சிலர் கேட்டிருந்தீர்கள். காஃபெனியோ ஆண்களின் கோட்டையாக இருந்ததுதான். மலைக்கிராமங்களில் இன்றும் உள்ளே நுழைந்ததும் பேச்சு ஒரு கணம் நிற்கும். காலிமேரா, காலிஸ்பெரா என்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தால் அந்தக் கணம் தாண்டிவிடும். எனக்கு ராக்கியும் என் கணவருக்கு எலுமிச்சைச் சாறும் வைத்தபோது பக்கத்து மேசைத் தாத்தா அவரைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு எங்கள் மேசைக்கு அந்தத் தாத்தா கணக்கில் ஒரு குடுவை வந்தது. உடனே பதிலுக்கு ஒன்று அனுப்பலாம் என்று கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். புருவத்தைத் தூக்கி வேண்டாம் என்றுவிட்டார். கொடுத்ததை உடனே திருப்பிக் கொடுப்பது கணக்குத் தீர்ப்பது மாதிரி ஆகிவிடுமாம். கிளாஸைத் தூக்கித் தாத்தாவைப் பார்த்து ‘யாமாஸ்’, அதாவது சியர்ஸ், சொன்னால் போதும்.

ஒரே மடக்கில் குடிக்காதீர்கள். கிளாஸ் சின்னது என்று ஏமாந்து ஊற்றிக்கொண்டால், எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். ஒரு வாய் ராக்கி, இரண்டு வாய் தட்டு, நிறையப் பேச்சு. அந்தத் தாத்தாக்கள் மூன்று மணி நேரம் ஒரு குடுவையோடு உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் வந்து மேசையைத் துடைத்து விரட்டுவதில்லை.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் என்று போங்கள். அறை வாடகை இறங்கியிருக்கும், அதைவிட முக்கியம், அதுதான் ராக்கி காய்ச்சும் பருவம். காய்ச்சும் கொப்பரைக்குக் கசானி என்று பேர், அப்படியே விசாரியுங்கள். கொப்பரைக்குக் கீழே விறகு எரியும், தணலில் உருளைக்கிழங்கு வேகும், குழாய் முனையில் சொட்டும் வெதுவெதுப்பான முதல் ராக்கியை வாங்கிக் கையில் திணிப்பார்கள். சில ஓட்டல்கள் இதையே டிக்கெட் போட்டு நடத்துகின்றன, அதற்குப் போகாதீர்கள். நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு ஒரு மச்சான் இருப்பார், அந்த மச்சானிடம் ஒரு கொப்பரை இருக்கும்.

கிராமத்துக் கடையின் பெயரைக் கேட்டு மட்டும் வராதீர்கள். அந்த அம்மாவிடம் மொத்தம் ஆறு மேசைதான் இருக்கிறது.