நீ என்ன படம் அனுப்புன?

அந்த வீடியோவை நான் பகிரவில்லை, பகிரப்போவதும் இல்லை. எந்த வீடியோ என்று விளக்க வேண்டிய அவசியம் இல்லாதபடி என் நட்பு வட்டத்திலேயே பாதிப்பேர் சிரிப்பு பொம்மையோடு அதைப் போட்டிருக்கிறீர்கள்.

மேடையில் ஒருவர் போடாதே, பேசாதே, தொடாதே என்று முழங்கி முடிக்கிறார். கேள்வி நேரத்தில் ஒரு பையன் எழுந்து, "சார், யாராவது நம்ம படத்தை வச்சு மிரட்டினா முதல்ல யார்கிட்ட சொல்லணும்?" என்கிறான். வந்த பதில்: "அது இருக்கட்டும், நீ என்ன படம் அனுப்புன?" அரங்கமே சிரிக்கிறது, பையன் உட்கார்ந்துவிடுகிறான். அப்புறம் அந்தக் காட்சியைத் தனியாக வெட்டி, அவன் முகத்தைக்கூட மறைக்காமல் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நடந்தது பொறுப்பான இணையப் பயன்பாடு பற்றிய வகுப்பாம்!

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அவன் கேட்டதற்குப் பதில் எங்கே?

சார் தெரியாமல் கேட்டிருக்கலாம் என்கிறார்கள். வகுப்பெடுக்க வந்தவருக்கு எப்படி ஐயா தெரியாமல் போகும்? படத்தை வைத்துப் பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் அதிகம் குறிவைப்பது 14 முதல் 17 வயது வரையுள்ள பையன்களைத்தான் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. திரும்பத் திரும்ப எச்சரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரில் கணக்கு, கொஞ்சம் இனிப்பான பேச்சு, ஒரு படம். அடுத்த நிமிடமே, பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் நண்பர்கள் எல்லாருக்கும் போய்விடும் என்று மிரட்டல். பையன்கள் வெளியே சொல்வதே இல்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். சிரித்தும் காட்டிவிட்டீர்கள்.

அவனுக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பணம் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் கேட்பான். அவனோடு பேசுவதை நிறுத்து, ஆனால் மிரட்டிய செய்தியையும் கணக்கின் பெயரையும் அழித்துவிடாதே. நீ நம்பும் பெரியவர் ஒருவரிடம் இன்றைக்கே சொல். 18 வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது. எந்த நாட்டிலிருந்தும், பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம். படம் உன் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் போகும், அதை வைத்து இந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், தப்பு மிரட்டுகிறவன்மேல், உன்மேல் இல்லை. இவ்வளவுதான். கைதட்டல் வாங்கும் நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

நான் ஆசிரியர், இந்த மாதிரிப் பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை வகுப்பு முடிந்தும் ஒரு மாணவன் போகாமல், ஏற்கெனவே திருத்திக் கொடுத்த நோட்டையே மறுபடி நீட்டிக்கொண்டு நின்றான். "என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சனை மிஸ்" என்றான். அந்த ஃப்ரெண்டு யார் என்று ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் என்ன படம், எப்படிப்பட்ட படம் என்று எதுவும் கேட்கவில்லை. உன் ஃப்ரெண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, ராத்திரி தூங்குகிறானா என்று கேட்டேன். "தூங்கல மிஸ்" என்றான். பேசப் பேச 'அவன்' எப்போதோ 'நான்' ஆகியிருந்தது, அதை அவனும் கவனிக்கவில்லை. அப்பாவிடம் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார் என்பதுதான் அவனுடைய பெரிய பயம், மிரட்டுகிறவன்கூட அதற்கு அப்புறம்தான்! சொன்னால் தண்டனை என்று தெரிந்த பிள்ளை எப்படிச் சொல்லும்?

"அதுக்குத்தான் போனே கொடுக்கக் கூடாதுன்றோம்" என்று கமெண்ட் வரும். வரட்டும். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. 16 முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை உள்ளே வரும் இல்லையா, அப்போது யாரிடம் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆசிரியர்கள் மனநல ஆலோசகர்கள் இல்லை, ஏற்கெனவே தலைக்குமேல் வேலை என்பவர்கள் சொல்வது நியாயம்தான். ஆலோசகரைப் போடுங்கள் என்று நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் "படம் அனுப்பாம இருந்தா எதுவுமே நடக்காது" என்று ஒருவர் பாடம் நடத்தினார் பாருங்கள், அவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரிட்டனில் 14 வயது மோலி ரசல் 2017-இல் இறந்தாள். அவள் யாருக்கும் படம் அனுப்பி மாட்டிக்கொண்டவள் இல்லை. மன அழுத்தத்தில் இருந்த பிள்ளையின் முன்னால் தளங்கள் மேலும் மேலும் மனதை இருட்டாக்கும் பதிவுகளையே கொண்டுவந்து கொட்டின, அதில் சிலவற்றை அவள் தேடக்கூட இல்லை. அவள் மரணத்தில் இணையத்தில் பார்த்தவற்றுக்கும் பங்கு உண்டு என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரியே பதிவு செய்தார். அவளிடம் என்ன கேட்பீர்கள்? நீ என்ன படம் பார்த்த என்றா?

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக இல்லாமல், "அந்தப் பையன் முகத்தை மறைங்க, முடிஞ்சா எடுத்துடுங்க" என்று இரண்டு வரியில்தான் முதலில் அந்த வீடியோவின் கீழ் எழுதினேன். "மேடத்துக்கு ஏன் இவ்ளோ கோவம், இவங்க என்ன படம் அனுப்புனாங்களோ" என்று ஒருவர் பதில் போட்டார். அதற்கும் சிரிப்பு பொம்மைகள். விரலை வைத்துப் பட்டியலைத் திறந்தேன். என்னோடு சேர்ந்து படித்தவர்கள், என்னிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவர்கள், நேரில் பார்த்தால் கைகூப்பி "வணக்கம் டீச்சர்" என்பவர்கள். மாணவர்களுக்கு இணைய ஒழுக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எங்களிடம் கேட்பதும் இதே ஆட்கள்தான். நாங்கள் எந்த வகுப்பில் உங்களை உட்கார வைப்பது?

பெயர் சொல்ல மாட்டேன், பதறாதீர்கள். அந்தப் பொம்மையை இப்போதும் எடுக்கலாம், பகிர்ந்ததை அழிக்கலாம், ஒரு தட்டு போதும். "நகைச்சுவை உணர்வே இல்லையா" என்று கேட்க வருகிறவர்கள் கேட்டுவிட்டுப் போங்கள், எட்டாம் வகுப்பு விடைத்தாள் ஒரு கட்டு காத்திருக்கிறது, எனக்கு இன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை.