ஆளில்லாத அலையாம்!

சென்னைப் பசங்க ஆப்பிரிக்காவுல நமீபியா பாலைவனக் கரைக்குப் போய் சர்ஃபிங் பண்ண அந்த ரீலைப் பத்தி எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். மூணு நாளா ஆளாளுக்கு டேக் பண்றீங்க, சரி. "பாலைவனத்துல ஆளே இல்லாத அலை, சென்னைப் பசங்க நாங்கதான் ஃபர்ஸ்ட்"னு சொன்னதுகூடப் பரவால்ல, வயசு. பின்னாடி மணல்ல நாலு பாட்டில் கிடக்குதே, ஆளில்லாத இடத்துல அது எப்படி வந்துச்சாம்?

ஆளில்லாத கரைன்னு ஒண்ணு கிடையாதுங்க. நமீபியாவுல சர்ஃபிங்குக்குப் பேர்போன ஸ்கெலிட்டன் பே கரையே 2007ல ஒரு சர்ஃபிங் பத்திரிகை நடத்துன கூகுள் எர்த் போட்டியாலதான் உலகத்துக்கே தெரிஞ்சது. அதுக்குப் பேரு கண்டுபிடிப்பு! பக்கத்துலயே வால்விஸ் பே, அந்த நாட்டோட பெரிய துறைமுகம். குயிசெப் ஆத்துப் படுகையில டோப்நார் மக்கள் தலைமுறையா, பாலைவனத்துல விளையுற நாரா காய் பறிச்சுப் பொழைக்கிறாங்க. இவங்கள்லாம் யாரு, பேக்ரவுண்டா?

அங்க முதல் கேள்வி அலை எவ்ளோ உயரம்னு இல்ல, தண்ணி எவ்ளோ இருக்குன்னுதான். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர். நாலு பேர், ஏழு நாள்னா 140. வண்டி சிக்கிட்டா இன்னொரு நாளைக்கு 20. நம்ம வீட்டு கேன் கணக்குல எட்டு கேன், 160 கிலோ. அந்தப் பாரத்தோட மணல்ல போக டயர் காத்தை 18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கணும். இறக்கிட்டு சடார்னு திருப்புனா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். தார் ரோடு ஏறும்போது திரும்பக் காத்து அடிக்கலன்னா சூடாகி வெடிக்கும். புதைஞ்சா ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீங்க, இறங்கி டயருக்கு முன்னாடி மணலை வாருங்க. கால் வழுக்காம இருக்க சர்ஃப் போர்டு மேல தேய்க்கிற வாக்ஸ்கூட நம்ம ஊருது வேலைக்காகாது. வெயிலுக்குன்னு செஞ்சது, குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்துல கல்லாயிடும், கால் வழுக்கும். அலையும் கரையை ஒட்டி ரெண்டு கிலோமீட்டர் இழுத்துட்டுப் போகும். எதிர்நீச்சல் போட்டுத் திரும்ப முடியாது, போர்டைத் தூக்கிட்டு மணல்ல நடக்கணும். இதுல ஒண்ணாவது ரீல்ல இருக்கா?

"தண்ணி தீந்தா ஊர்க்காரங்ககிட்ட வாங்கிக்கலாம்"னு ஒரு கமெண்ட். 2019ல ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி வந்த ஊர்க்காரன் எழுதுற கமெண்டா இது? அப்போ யாராவது ஜாலியா வந்து உங்க குடத்துல மொண்டிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?

"கடல் பொதுச் சொத்து, நீ யாரு கேட் போட?" கடல் பொதுதான், நான் கேட் போடல. குப்பையைத் திருப்பி எடுத்துட்டு வாங்கன்னுதான் சொல்றேன். ஈரம் ரொம்பக் கம்மியான மண்ணுல எதுவும் லேசுல மக்காது. நீங்க போட்ட டிஷ்யூ அடுத்த வருஷமும் அங்கதான் பறக்கும்.

"டூரிசம் வந்தா அவங்களுக்கும் காசுதானே?" இது நியாயமான கேள்வி, மறுக்கல. தென் அமெரிக்காவுல இருக்கிற பெருவுல 2000லயே அலைகளைக் காக்கத் தனிச் சட்டம் போட்டாங்க. அந்த நாட்டோட சிகாமா அலை 2016ல அதுக்குக் கீழ வந்துச்சு. பெருவோட பாலைவனக் கரையில ஹுவான்சாகோங்கிற ஊர் மீனவங்க கோரைப்புல் படகுல அலை மேல சறுக்கி வர்றாங்க. கட்டுமரத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும். அங்க கரைக்காரங்களை மதிச்சாங்க, காசும் வருது. நாம?

எனக்குக் கோவம் நமீபியாவுக்காக மட்டும்னு நெனச்சீங்கன்னா இல்ல. கோவளத்துல காலைல பதினோரு மணிக்கு வந்து "பீச் காலியா இருக்கு, செம"ன்னு சொல்றவங்களைப் பாத்திருக்கீங்களா? ராத்திரி கடலுக்குப் போனவங்க மீன் வித்துட்டுத் தூங்குற நேரம் அது. காயப்போட்ட வலை மேலயே போர்டை இழுத்துட்டுப் போறாங்க. போர்டுக்கு அடியில பின்னாடி துடுப்பு மாதிரி இருக்கிற ஃபின் மாட்டி வலை கிழிஞ்சா, உக்காந்து கண்ணி கண்ணியா முடியுறது யாரு?

ரீலைத் திரும்பப் பாருங்க. ஆரம்பத்துல "எங்க ட்ரெய்னிங்"னு நாலு செகண்டு கோவளம் வருது. அலை வர்ற நேரம் பாத்துப் போர்டைத் தள்ளிவிடுற குப்பத்துப் பையனோட கை மட்டும் ஓரமா தெரியுது. மீதியை கிராப் பண்ணிட்டாங்க.