‘ஸ்மால் பெயின், டாக்டர்’

சிங்கப்பூர் கட்டுமான சைட்டுகளில் எனக்கு இது பதினேழாவது வருஷம். ஊழியராக வந்து, சூப்பர்வைசராகி, இப்போது சேஃப்டி பக்கம் இருக்கிறேன். இதை எழுதாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. தப்பு செய்தவர்களில் நானும் ஒருவன்.

சில வருஷம் முன்பு, வேறொரு கம்பெனியில் இருந்தபோது, அரியலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவரின் காலில் பிளைவுட் கட்டு சரிந்து விழுந்தது. மறுநாள் காலை கம்பெனி வழக்கமாகப் போகும் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். தம்பியின் இங்கிலீஷ் ‘எஸ் பாஸ்’, ‘ஓகே பாஸ்’, ‘ஃபினிஷ் பாஸ்’ அளவுதான். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். தம்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: “ராத்திரி முழுக்க விண்ணு விண்ணுன்னு தெறிச்சுதுண்ணே. விடியக்காலம் பெருவிரல் மரத்துப்போச்சு. இப்ப ஊனினா உயிர் போவுது.”

நான் டாக்டரிடம் சொன்னது: “ஸ்மால் பெயின், டாக்டர். கேன் வாக்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பாதி, எனக்கே இங்கிலீஷ் போதாது. குத்துது, கடுக்குது, உளையுது, எரியுது, இழுக்குது, தெறிக்குது என்று வலிக்கு நம்மிடம் எத்தனை சொல்! அத்தனைக்கும் சேர்த்து என்னிடம் இருந்தது ‘பெயின்’ மட்டும்தான். மீதிப் பாதிதான் அசிங்கம். கிளம்பும்போதே மேனேஜர், “எம்சி நிறைய வாங்கிட்டு வராதே, லைட் ட்யூட்டி கேளு” என்று சொல்லி அனுப்பியிருந்தார். எம்சி என்றால் மருத்துவ விடுப்புச் சீட்டு; லைட் ட்யூட்டி என்றால் லீவு இல்லை, லேசான வேலை. 2 நாள் லைட் ட்யூட்டி கிடைத்தது. நாலாம் நாள் கால் வீங்கி ஷூவுக்குள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தால் விரல் எலும்பு உடைந்திருந்தது. தம்பி என்னைத் திட்டவே இல்லை. “நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க, டாக்டர்தான் பாக்கல” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதனால் என் கட்சி இதுதான்: மொழிபெயர்ப்பது ஒரு வேலை. அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். காயம், சம்பளம் என்று வரும்போது மட்டும் அந்த வேலையைக் கம்பெனிக்காரனிடம் கொடுக்கவே கூடாது. நான் கெட்டவன் இல்லை. என் வொர்க் பெர்மிட்டும் அதே மேனேஜர் கையில்தானே இருந்தது?

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஐபி, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம், வரும்போது ஊழியருக்குப் புரிகிற மொழியிலும் அதை அனுப்ப வேண்டும் என்பது விதி. 2018-லிருந்து, புதிதாகக் கட்டுமானத்துக்கு வருபவர்களுக்கு அவரவர் மொழியிலேயே ஒருநாள் அறிமுக வகுப்பு நடக்கிறது. 2020 செப்டம்பர் முதல், வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்சி, ஏன் லைட் ட்யூட்டி கொடுத்தால்கூட மனிதவள அமைச்சுக்குச் சொல்லியாக வேண்டும். 2022-ல் வந்த மருத்துவத் திட்டத்தில், டார்மிட்டரியில், அதாவது ஊழியர் விடுதியில், தங்கும் ஊழியர் 5 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) டாக்டரைப் பார்க்கலாம். போனில் பார்த்தால் 2 வெள்ளி. எல்லாம் சரி. ஆனால் அந்தச் சட்டத்துக்கும் அந்தத் தம்பிக்கும் நடுவில் என்னைப் போல ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான். அவன் வாயில் புகுந்து வருவதுதான் சட்டம்.

சைட்டில் வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிச் சொல்லும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கை ஒருநாள் வந்து பாருங்கள். உயரத்திலிருந்து விழாமல் காக்கும் ஹார்னஸ் மாட்டுவது எப்படி என்று தமிழிலும் வங்காளத்திலும் பாடம் படித்து, பாஸ் செய்து வந்தவர்கள்தான் எல்லாரும். இங்கே வந்தால் இங்கிலீஷ் தாளை ஒருவர் மடமடவென்று வாசிப்பார். “அண்டர்ஸ்டாண்ட்?” “எஸ்ஸ்ஸ்!” அப்புறம் கையெழுத்து. ஒருமுறை பெரியவர் ஒருவர் தன் பெயரைத் தமிழில், அச்சுக் கோத்த மாதிரி எழுதினார். “ப்ராப்பரா சைன் பண்ணு” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மனிதர் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு கிறுக்கல் போட்டார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இப்போது போனிலேயே மொழிபெயர்த்துவிடலாமே என்கிறார்கள். எங்கள் ஆபீஸில் ஒருவர் அப்படித்தான் ஒரு நோட்டீஸ் அடித்தார்: ‘கொக்கின் கீழ் நிற்காதே’. கிரேனைத்தான் சொல்கிறாராம். இது 2014-ல் லாவ் பா சாட் என்ற உணவங்காடியின் பெயரைப் பலகையில் தமிழில் எழுதும்போது ‘சாட்’டைச் சனிக்கிழமையாக்கிய ஊர். தமிழ் இங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

“இங்க வந்தா இங்கிலீஷ் கத்துக்க வேண்டியதுதானே?” என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். கற்றுக்கொள்ளட்டும், நல்லதுதான், நானும் கற்றுக்கொண்டவன்தான். எப்போது கற்பது? விடியுமுன் லாரி, ராத்திரி ஓவர்டைம் முடிந்து டார்மிட்டரி, குளிக்க வரிசை, துணி துவைக்க வரிசை, ஊருக்கு ஒரு போன். மொழி கற்கும் புத்தி இல்லாதவர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் சைட்டில் பங்களாதேஷ் தம்பி ஒருவர், “அண்ணே, சிமெண்ட் பத்தலண்ணே, மூணு மூட்டை போதுமா?” என்று தஞ்சாவூர்க்காரன் மாதிரி கேட்பார். இரண்டே வருஷத்தில் பேச்சுத் துணையாகக் கிடைத்த மொழி அது. இங்கிலீஷ் அவரிடம் பேசுவதில்லை, கத்துகிறது. கத்துகிற மொழியை எப்படிக் கற்பது?

செலவு என்பார்கள். கட்டுமான ஊழியர் ஒருவருக்கு மாதாமாதம் 500 வெள்ளி, திறன் தேர்ச்சி குறைவு என்றால் 900 வெள்ளி என்று அரசாங்கத்துக்கு லேவி (வெளிநாட்டு ஊழியர் வரி) கட்டும் கம்பெனி, நூறு பேருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வைக்க முடியாதா? 2020-ல் டார்மிட்டரிகளை அடைத்தபோது தமிழிலும் வங்காளத்திலும் வீடியோவும் நோட்டீஸுமாக எப்படி வந்து குவிந்தன! தொற்றுக்குப் பயந்தால் மொழி தானாக வருகிறது.

பெரிதாக எதுவும் வேண்டாம். ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, “நான் என்ன சொன்னேன், சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள். ஆறு மாதமாக நான் அதைத்தான் செய்கிறேன். முதல் நாள் இருபது பேரில் மூன்று பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அது அவர்கள் மார்க் இல்லை, என் மார்க்.

எங்கள் சைட்டில் தினமும் மொழிபெயர்த்துச் சொல்கிற இரண்டு பேருக்கு, தமிழுக்கு ஒருவர், வங்காளத்துக்கு ஒருவர், மாதம் 150 வெள்ளி அலவன்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிளினிக்குக்குப் போகிறவருக்கு வெளி ஆளைக் கூப்பிட வேண்டும் என்றும் அதில் ஒரு வரி. ப்ராஜெக்ட் மேனேஜர் படித்துவிட்டு, “சீ ஹவ் லா”, பார்க்கலாம், என்றார். வியாழக்கிழமை மீட்டிங்கில் திரும்பக் கேட்பேன்.