தலைக்கு எவ்வளவுங்க?

போன வாரம் ஒரு போன். கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் இருக்கும் ஒரு கம்பெனியின் எச்ஆர் பிரிவிலிருந்து பேசினார்கள். "சார், எங்க ஸ்டாஃப் எல்லாருக்கும் வெப்சைட்டுக்கு போட்டோ எடுக்கணும். தலைக்கு எவ்வளவுங்க?"

கம்பெனி வேலைக்கு வருகிற பத்து போனில் எட்டு இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறது. கேட்பவர்கள் மேல் தப்பே இல்லை. பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி இவ்வளவு என்று ஸ்டுடியோ வாசலில் போர்டு வைத்த காலத்திலிருந்து நாம் பழக்கிவிட்ட கணக்கு அது. ஸ்டுடியோவுக்கு அது பொருந்தும். ஆள் நம்மைத் தேடி வருகிறார், லைட் நின்ற இடத்தில் நிற்கிறது. நாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் எடுக்கும் வேலைக்கு அது சரிப்பட்டு வராது. கைக்காசு போய்த்தான் எனக்கு அது புரிந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கும், போட்டோகிராபரைக் கூப்பிடும் கம்பெனிக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஆறு வருடம் முன்பு ஒரு பம்ப் கம்பெனி. பட்டியலில் 40 பேர், தலைக்கு 350 ரூபாய், மொத்தம் 14,000 வரும் என்று ஒத்துக்கொண்டேன். காலை எட்டரைக்குப் போய், கான்ஃபரன்ஸ் ரூமில் மேஜையை ஓரம் தள்ளி, ஜன்னல் திரையை இழுத்து மூடி, ஒன்பதடி சாம்பல் நிற பேப்பர் ரோலை ஸ்டாண்டில் மாட்டி, மூன்று லைட்டையும் சரிசெய்து முடிக்கவே ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் வரை வந்தவர்கள் 22 பேர். மற்றவர்கள் கஸ்டமரைப் பார்க்கப் போயிருந்தார்கள், லீவில் இருந்தார்கள், சிலருக்கு நைட் ஷிப்ட். பில் 7,700. இரண்டு வாரம் கழித்து அதே ஆபீசிலிருந்து போன்: "விட்டுப்போன மூணு பேர் இருக்காங்க, அதே ரேட்டுல வந்து எடுத்துக் குடுத்துடுங்க சார்." 1,050 ரூபாய்க்கு அதே மூன்று லைட்டையும் அதே பேப்பர் ரோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

காசு போனதைக்கூட மறந்துவிடலாம். எடுத்த படங்கள்தான் மனதை உறுத்தின. தலைக்கணக்கில் வேகமாகத் தள்ளிவிட்டால்தான் நமக்குக் கட்டும். அன்றைக்கு டூல் ரூமிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அங்கே முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கையை நன்றாகக் கழுவிவிட்டு, தலையை ஈரம் தொட்டு வாரிக்கொண்டு வந்து நின்றார். ஐடி கார்டு போட்டோவைத் தவிர ஆபீசில் அவரை யாரும் படம் எடுத்ததில்லை. அவருக்கு நான் கொடுத்தது ஒன்றரை நிமிடம். "ஐயா, கொஞ்சம் திரும்புங்க, அவ்ளோதான், அடுத்தவங்க வாங்க." தோள் இரண்டும் தூக்கிக்கொண்டு, கண்ணில் மிரட்சியோடு ஒரு படம். இரண்டு வருடம் அந்த வெப்சைட்டில் அது இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தால் அவர் முகம் வேறு மாதிரி வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் சேர்த்து 9 லட்சம். ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 15,000. ரூம் வாடகையும் கரண்டும் 14,000. சாஃப்ட்வேர், ஹார்ட் டிஸ்க், இன்டர்நெட் 4,000. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் 3,000. வீட்டுக்கு 60,000. ஆக 96,000. நல்ல மாதத்தில் எனக்கு எட்டு நாள் ஷூட்டிங் இருக்கும். மற்ற நாட்கள் எடிட்டிங், கொட்டேஷன், பில்லுக்கு அலைவது என்று போய்விடும். எட்டால் வகுத்தால் ஒரு நாளுக்கு 12,000. உதவிக்கு வரும் பையனுக்கும் வண்டிக்கும் 2,500. 14,500 வாங்கினால் அந்த நாள் கையைக் கடிக்காது, அவ்வளவுதான். லாபம் என்பது அதற்கு மேல் வருவது. நான் 7,700க்குப் போய் வந்தேன். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் யாருக்கும் ரேட் சொல்லாதீர்கள். பக்கத்துத் தெரு போட்டோகிராபர் என்ன வாங்குகிறார் என்று கேட்டு அதில் 50 ரூபாய் குறைப்பது, அவர் பண்ணிய தப்பை நாமும் பண்ணுவது.

இப்போது நான் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன். லைட் போட்டு அரை நாள் எடுக்க 16,000. முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் 250. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. 25 பேர் என்றால் வரிக்கு முன்னால் 22,250. "அப்போ தலைக்கு 890 ஆகுதேங்க" என்பார்கள். ஆகும். அந்த 250 எதற்கு என்று கேட்டால் ஒரு படத்தை லேப்டாப்பில் திறந்து காட்டிவிடுவேன். காலர் மடிப்பு, சட்டையில் ஒட்டிய நூல், நெற்றியில் பிரியும் முடி, அன்றைக்குப் பார்த்து வந்த பரு. இதையெல்லாம் எடுத்துவிட்டு, மச்சத்தையும் சுருக்கத்தையும் அப்படியே விட வேண்டும். ஒரு படத்துக்கு 12 நிமிடம் ஆகிறது. 40 படம் என்றால் முழுதாக எட்டு மணி நேரம். அந்த ஒரு நாளுக்குப் பல போட்டோகிராபர்கள் காசே கேட்பதில்லை.

இப்படிப் பிரித்ததில் என் கையில் நேரம் வந்தது. சென்ற வருடம் ஒரு ஆபீசில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அக்கா. கண்ணாடி போட்டிருந்தார், லைட் இரண்டு லென்ஸிலும் வெள்ளையாக அடித்தது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லலாம், ஆனால் கண்ணாடி இல்லாமல் அவரை ஆபீசில் யாருக்கும் அடையாளம் தெரியாது. கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் கால் அங்குலம் தூக்கச் சொன்னேன். முன்பக்கம் லேசாகக் கீழே சாய்ந்தது. லைட்டை அரையடி உயர்த்தினேன். வெள்ளை போய்க் கண் தெரிந்தது. அப்புறம், முன்பல் ஒன்று தூக்கலாக இருப்பதால் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றார். திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆடிட் நேரத்தில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் சிரித்தார். ஏழு நிமிடம் ஆனது. படத்தைப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பிரிண்ட் வீட்டுக்கு வேண்டும் என்று கேட்டார்.

கம்பெனிக்கும் இதில் லாபம் இருக்கிறது. ஒவ்வொரு ஷூட்டிலும் லைட்டுக்கும் முகத்துக்கும் எத்தனை அடி, எவ்வளவு உயரம், என்ன பவர், எந்த லென்ஸ் என்று நோட்டில் எழுதி வைப்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எடுத்தால், பழைய படங்களோடு வித்தியாசமே தெரியாது. ஒருவர் செல்போனில், ஒருவர் கல்யாண ஆல்பத்தில் வெட்டியது, ஒருவர் ஏஐ ஆப் போட்டுக் கொடுத்த கோட்டும் சூட்டும் என்று ஒரே பக்கத்தில் இருந்தால் கம்பெனியைப் பற்றி என்ன தோன்றும்? கஸ்டமர் நேரில் வரும்போது படத்தில் இருக்கிற முகம் ரிசப்ஷனில் நிற்க வேண்டும்.

உரிமை விஷயம் ஒன்று. யூடியூபில் அமெரிக்க போட்டோகிராபர்கள் லைசென்ஸ் கட்டணம், அதாவது படத்தைப் பயன்படுத்துவதற்குத் தனிக் காசு, பற்றிப் பேசுவதைப் பார்த்து நம் பையன்கள் அப்படியே கொட்டேஷனில் போடுகிறார்கள். அங்கே வெளியாளாகப் போய் எடுப்பவருக்கே பொதுவாகப் பதிப்புரிமை. இங்கே 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதாவது நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டால் எல்லாம் முதல் நாளே போய்விட்டது. ஸ்டாஃப் படங்களுக்கு நான் இதில் மல்லுக்கட்டுவதில்லை, அது அவர்கள் முகம். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆண்டறிக்கை வேலை வரும். செப்டம்பர் 30க்குள் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும் என்பதால் போர்டு டைரக்டர்கள் படம் எல்லாம் அந்த மாதங்களில்தான். அறிக்கைக்கு என்று எடுத்த எம்.டி. படம் தீபாவளிக்குப் பத்திரிகை விளம்பரத்திலும் ஹோர்டிங்கிலும் வரும். அதற்குத் தனி விலை உண்டு என்று எடுப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தையும் படியுங்கள்.

பணம் வருவது தனிக் கஷ்டம். 90 நாள் கழித்து வருகிற 22,000, 22,000 இல்லை. சிறு தொழில் செய்பவர்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவைச் செய்து வையுங்கள், ஆன்லைனில் இலவசம். 2006ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தால், குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியைக் கம்பெனி பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்த பிறகு எனக்கு மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸிலிருந்து அவர்களே போன் செய்கிறார்கள்.

அந்த எச்ஆர் மேடத்திடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அரை நாள் இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு, ஒருவருக்கு எட்டு நிமிடம், யார் எந்த ஷிப்ட் என்று பட்டியல் அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் 24 பெயர் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். "சார், ஒருத்தர் கூடினா 250 தானேங்க கூடும்? அப்ப கேன்டீன் அண்ணாவையும் சேர்த்துக்கலாங்களா?"

சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை ஷூட். காலை டீ கொடுத்து முடித்ததும் அவர்தான் முதலில் வருகிறார்.