காலைக் கழுவுறது சரி, யாரு தொடைக்கிறது?

மொதல்லயே சொல்லிடுறேன், இது கால் விரல் இடுக்குல வர்ற படையைப் பத்தின பதிவு, அதுவும் நீளமான பதிவு, கையில ரொட்டி சானாய் வச்சிருக்கவங்க சாப்பிட்டு முடிச்சுட்டு வந்து படிங்க.

போன வருஷம் முட்டி வலின்னு போனப்ப டாக்டர் நடக்குறதைக் கொறச்சுட்டு நீந்தச் சொன்னாரு. எனக்கு 46 வயசு, நீச்சல் தெரியாது, சேந்த கிளாஸ்ல என்னைத் தவிர எல்லாருக்கும் 7 வயசு 8 வயசு, அந்தக் கூத்துக்குத் தனியா ஒரு பதிவு போடணும். தண்ணி பயம் ரெண்டே மாசத்துல போயிருச்சு. போகாத பயம் ஒண்ணு இருக்கு, அது அந்த உடுப்பு மாத்துற ரூம். எந்தக் குளம்னு கேக்காதீங்க, கோலாலம்பூர்ல நாலு எடத்துக்குப் போயிருப்பேன், நாலும் ஒரே அச்சு. தரை முழுக்க சொதசொதன்னு தண்ணி, வடிகால் ஓட்டையை முடி அடைச்சிருக்கும், குளிக்கிற தடுப்புக்குள்ளயே உடுப்பும் மாத்தணும், உள்ள ஒரே ஒரு கொக்கி, அதுவும் பாதி ஒடைஞ்சது, உக்கார ஒரு பெஞ்சு கெடையாது. ஒரு கையில துண்டு, தோள்ல பேக்கு, வாயில கார் சாவி, ஒத்தக் கால்ல கொக்கு மாதிரி நின்னுக்கிட்டு சிலுவாரை, அதான் கால்சட்டையை, மாட்டணும், மாட்டுறப்ப கால் நழுவும், சிலுவார் நுனி தரையில படும், அந்தத் தண்ணி எத்தனை பேரு காலைத் தொட்டுட்டு வந்துச்சோன்னு நெனச்சா அன்னிக்கு நீந்துன சந்தோசமே போயிரும்.

ஆனா நானும் எல்லாரையும் மாதிரிதான் இருந்தேன். வெறுங்காலோட போவேன், வெறுங்காலோட வருவேன், கடைசியா பைப்புல காலை நல்லா கழுவிட்டு, துண்டால மேலாப்புல ஒரு ஒத்து ஒத்திட்டு, சாக்ஸை இழுத்து மாட்டி சப்பாத்தைப் போட்டுக்கிட்டு கெளம்பிருவேன். அப்புறம் ஜாலான் பகாங்ல ஜாம். முக்கா மணி நேரம் அந்த ஈரக் கால் சப்பாத்துக்குள்ள அவியும், இட்லி சட்டியில வச்ச மாதிரி. மூணு மாசம் இப்படியே ஓடுச்சு. சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல மொதல்ல லேசா அரிப்பு, அப்புறம் தோல் வெள்ளையா ஊறிப்போய், அப்புறம் வெடிப்பு, ராத்திரி தூக்கத்துல ஒரு கால் இன்னொரு காலைத் தேச்சுக்கிட்டே கெடக்கும்.

உடனே டாக்டர்கிட்ட போனேனா? நாமளாவது போறதாவது. சீனர் மருந்துக் கடையில ஒரு தண்ணி மருந்து வாங்கிப் போட்டேன், போட்ட அன்னிக்கு பூமிதி இறங்குன மாதிரி இருந்துச்சு. அப்புறம் நாத்தனார் எப்பவோ கழுத்துச் சொறிக்கு வாங்கி மிச்சம் வச்சிருந்த கிரீமைக் குடுத்தாங்க. போட்டதும் செவப்பு கொறஞ்சது, அரிப்பு நின்னுச்சு, நாத்தனார் கை ராசியான கைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கப்பவே ரெண்டு வாரத்துல பாதத்துக்கு மேல வட்டமா படர ஆரம்பிச்சிருச்சு. கடைசியில கிளினிக்குப் போனா டாக்டரம்மா அந்த டியூபைத் திருப்பிப் பாத்துட்டு தலையில அடிச்சுக்காத குறை. எனக்கு வந்தது ஃபங்கஸ் படையாம், அந்த டியூபு ஸ்டிராய்டு கிரீமாம். அது அரிப்பையும் அடக்கும், தோல் எதுத்துப் போராடுறதையும் சேத்து அடக்கிரும், ஃபங்கஸுக்குப் பந்தி போட்டு எலை விரிச்ச மாதிரி.

இதுக்கு அப்புறம்தான் பெரிய கூத்து. என்னைக் கூட்டிட்டு வந்த வீட்டுக்காரர் பக்கத்து நாக்காலியில சிலிப்பரோட உக்காந்திருக்காரு. டாக்டரம்மா கண்ணு என் காலை விட்டுட்டு அவரு காலுக்குப் போயிருச்சு. "அங்கிள், அந்தக் கட்டை விரல் நகம் எவ்வளவு நாளா இப்படி மஞ்சளா தடிச்சு இருக்கு?" இவரு என்னமோ சர்வீஸ் ரெக்கார்டு சொல்ற மாதிரி, "ஃபேக்டரியில சேப்டி பூட்ஸ் போட ஆரம்பிச்சதுலேர்ந்து, ஒரு 10 வருஷம் இருக்கும், வலிக்காது டாக்டர்"ங்குறாரு. 10 வருஷம்! ஒரே பாத்ரூம், ஒரே கால்மிதி. அந்த நகத்துக்குள்ள அதே ஃபங்கஸ்தான் குடியிருந்துச்சு. நான் மூணு மாசமா குளத்தைத் திட்டிக்கிட்டு இருந்தேன், சந்தேகப்பட வேண்டிய ஆளு பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டு இருந்திருக்காரு. அதை விட மனசுக்குக் கஷ்டமானது என்னன்னா, அந்த மூணு மாசமும் நானே வெறுங்காலோட அந்த ரூமுக்குள்ள நடந்திருக்கேன். உதிர்ற தோல் துணுக்குல அது மாசக்கணக்கா உசுரோட கெடக்குமாம். அடுத்தவங்க காலைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, அந்த ஏழு வயசுப் புள்ளைங்கள்ல யாருக்கு நான் குடுத்துட்டு வந்தேனோ.

டாக்டரம்மா சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன். இந்த ஃபங்கஸ் அழுக்கைத் தின்னு வாழுறதில்ல, நம்ம மேல்தோல்ல இருக்குற கெராட்டின்ங்குற புரதத்தைத் தின்னு வாழுது. சோப்பு போட்டுக் கழுவுன காலும் அதுக்கு ஒண்ணுதான் கழுவாத காலும் ஒண்ணுதான், ஈரமும் சூடும் இருந்து காத்து வராம இருந்தா போதும். சுண்டு விரல் இடுக்கு ஏன் மொதல்ல மாட்டுதுன்னா கால்லயே நெருக்கமான சந்து அதுதான். குளத்துத் தண்ணியிலயாவது லிட்டருக்கு 1 லேர்ந்து 3 மில்லிகிராம் குளோரின் வச்சிருப்பாங்க, சுத்தி இருக்குற ஈரத் தரைக்கு யாரு குளோரின் போடுறா? சில எடத்துல குளத்துக்கு எறங்குற வழியில கால் நனைக்க ஒரு குட்டித் தொட்டி இருக்கும், அதுல வெயிலும் பட்டு நூறு பேரு கால் அழுக்கும் சேந்ததுக்கு அப்புறம் குளோரின் எங்க மிஞ்சும், எனக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே தாண்டிக் குதிக்கத்தான் தோணுது.

நம்ம ஆளுங்களுக்குக் கழுவுறதைப் பத்தி யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல. சின்ன வயசுல பைப்படியில நான் காலை நனைச்சுட்டு ஓடுனா பாட்டி கத்துவாங்க, "குதிகால் நனையல, நளனுக்குச் சனி புடிச்ச மாதிரி புடிக்கும்டி"ன்னு. நளன் காலைச் சரியா கழுவலன்னு ஒரு துளி எடம் கெடைச்சுதாம், அது வழியா ஏறி ராஜ்ஜியத்தையே புடுங்கிருச்சு. சரி, கழுவாத குதிகாலுக்கு ஒரு சனி இருக்கு, தொடைக்காத விரல் இடுக்குக்கு ஒரு சனியும் இல்லையே நம்ம கதையில! அதனாலயே கழுவுனதும் வேலை முடிஞ்சுதுன்னு போயிடுறோம். கோவில் வாசல்ல கழுவிட்டு ஈரக் காலோட உள்ள போறது தப்பில்ல, வெறுங்கால், கல் தரை, காத்து, கொஞ்ச நேரத்துல காஞ்சிரும். பத்துமலையில 272 படி ஏறி எறங்குறதுக்குள்ள முட்டி வேணா போகும், கால் ஈரமா இருக்காது. அதே பழக்கத்தைச் சப்பாத்துக்குள்ள கொண்டு போறப்பதான் வம்பு.

அந்தப் பாட்டி சிலாங்கூர்ல ஒரு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க. விடியக்காலையில பனி புடிச்ச புல்லுல நடந்து நடந்து, மழை மாசத்துல சேத்துப்புண் வந்துரும். மருதாணியை அரைச்சு விரல் சந்துல அப்பிக்கிட்டு லயத்து வாசல்ல காலை நீட்டி உக்காந்திருப்பாங்க. மத்த நாள்ல பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு வச்சு ஒவ்வொரு சந்தா விட்டு இழுத்துத் தொடைப்பாங்க, குத்துவிளக்கு தொடைக்கிற மாதிரி. நாங்க சிரிப்போம். இப்ப தெரியுது, கழுவச் சொன்னது மட்டும் எங்க காதுல விழுந்திருக்கு, அவங்க தொடைச்சதை நாங்க யாரும் பாடமா எடுத்துக்கல.

இன்னொண்ணு படிச்சேன், சொல்லாம இருக்க முடியல. இந்தக் கால் படைக்கு முக்கியக் காரணமான டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம்ங்குற ஃபங்கஸ் ரொம்ப காலமா தென்கிழக்காசியாவுலயும் மேற்கு ஆப்பிரிக்காவுலயும்தான் இருந்துச்சாம். வெறுங்காலோட திரிஞ்ச இந்தப் பக்கத்து மக்களுக்கு உடம்புல படையா வரும், காலுக்கு அவ்வளவா வராது. பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்து எறங்குனான் பாருங்க வெள்ளைக்காரன், அவன் காலைத்தான் கெட்டியா புடிச்சுக்கிச்சு, அப்புறம் பட்டாளத்தோட கப்பலேறி 20ஆம் நூற்றாண்டுல உலகம் பூரா போயிருச்சு. நம்ம பக்கத்துச் சரக்குதான், பூட்ஸ் அவனோடது. இப்ப நாமளும் பூட்ஸ் போட்டுக்கிட்டோம்.

சரி, நான் இப்ப என்ன பண்றேன்னு சொல்றேன், சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. பேக்குல ஒரு ரப்பர் சிலிப்பர், பழைய ஜப்பான் சிலிப்பர் மாதிரி லேசானது, அதைக் குளத்தோரம் வரைக்கும் கழட்டுறதில்ல, ஷவர்லயும் கால்ல இருக்கும். துண்டு ரெண்டு. பெரிய துண்டு உடம்புக்கு, சின்னதா வேற கலர்ல ஒண்ணு காலுக்கு மட்டும். குளிச்சுட்டு அந்தத் தடுப்புக்குள்ள உடுப்பு மாத்துறதில்ல, பாத்திக் சாரோங்கைக் கட்டிக்கிட்டு வெளிய வந்துருவேன், எங்கயாவது காஞ்ச மூலையில ஒரு பெஞ்சோ திட்டோ இருக்கும். உக்காந்து, ஒரு காலைத் தூக்கி முட்டி மேல போட்டு, பாட்டி மாதிரியே சந்து சந்தா தொடைப்பேன், சுண்டு விரலைத் தனியா பிரிச்சு. ஒரு நிமிஷம் காத்துல விட்டுட்டு சாக்ஸ். ஆமா, மத்த உள் உடுப்புக்கு முன்னாடியே சாக்ஸ். கால்ல படை இருக்குறவங்க உள் உடுப்பை கால் வழியா ஏத்துறப்ப விரல்ல இருக்குறது துணியில ஒட்டி மேல தொடைச் சந்துக்குப் போயிரும், அதனால மொதல்ல காலை மூடிட்டா அந்த வழி அடைபட்டுரும். சாரோங்கும் சாக்ஸுமா நான் நிக்கிற கோலத்தைப் பாத்து ஒரு மலாய்க்கார அக்கா சிரிச்சாங்க, காரணத்தைச் சொன்னேன், அடுத்த வாரம் அவங்களும் சாக்ஸோட நிக்கிறாங்க.

ஆபீஸ்ல ஒரு காக் (மலாய்க்கார அக்கா) இருக்காங்க, தொழுகைக்குக் காலைக் கழுவுனதும் டிராயர்ல இருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துத் தொடைச்சுட்டுத்தான் சப்பாத்துக்குள்ள காலை விடுவாங்க, பல வருஷமா பாத்திருக்கேன், ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

சப்பாத்தும் சும்மா இல்ல. ஒரு நாள் போட்டது உள்ள காய ஒரு முழு நாளாவது ஆகுது, அதனால ரெண்டு ஜோடி மாத்தி மாத்திப் போடுறேன். எங்க ஸ்கூல் காலத்துல வெள்ளைச் சப்பாத்து நனைஞ்சா அப்பா பழைய தமிழ் நேசனைக் கசக்கி உள்ள திணிச்சு அடுப்போரமா வைப்பாரு, காலையில பேப்பர் ஈரமா இருக்கும் சப்பாத்து காஞ்சிருக்கும். 1924ல தொடங்குன பேப்பர் 2019ல நின்னும் போச்சு, இப்ப வீட்டுல எந்த பேப்பரும் வாங்குறதில்ல, சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள் வழவழன்னு ஈரத்தையே இழுக்க மாட்டேங்குது.

ஆனா எல்லாத்தையும் நம்ம தலையிலயே கட்டுறதும் நியாயமில்ல. குளம் நடத்துறவங்களுக்கு சுத்தம்னா தண்ணி அடிச்சு விடுறது. அரை மணிக்கு ஒருக்கா ஒரு பங்களாதேஷ் தம்பி வந்து ஓஸைத் தொறந்து விடுவாரு, தரை பளபளன்னு ஆயிரும், போர்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, அவருக்குக் குடுத்தது ஓஸ்தான், தண்ணியைத் தள்ளுற ரப்பர் கட்டையைக் குடுத்திருந்தா தள்ளியிருப்பாரு. குளிக்கிற எடத்தையும் உடுத்துற எடத்தையும் ஒரு அடி ஒசரத்துல ஒரு திட்டு போட்டுப் பிரிச்சு, காஞ்ச பக்கத்துல நீள பெஞ்சு ஒண்ணு, ஆளுக்கு ரெண்டு கொக்கி, ஒரு காத்தாடி. இதுக்கு என்ன பெரிய செலவு? மார்பிள் கவுன்டருக்கும் வாசல்ல செயற்கை நீரூத்துக்கும் காசு இருக்கு. ஒரு தடவை கவுன்டர்ல போய் பெஞ்சு கேட்டேன், "ஆன்ட்டி, பெஞ்சு போட்டா ஆளுங்க ரொம்ப நேரம் உக்காந்துருவாங்க"ன்னு பதில். உக்காந்தாத்தானேப்பா காலைத் தொடைக்க முடியும்.

வெறும் அரிப்புக்கா இவ்வளவு பெரிய பதிவுன்னு கேப்பீங்க. இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, இருக்குறவங்களை நெனச்சுப் பாருங்க. 2019ல சுகாதார அமைச்சோட கணக்கெடுப்புல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டுப் பேருக்கு இனிப்பு நீர், நம்ம வீடுகள்ல அதுக்கும் மேலங்குறது எண்ணிப் பாத்தாலே தெரியும். நரம்பு மரத்துப்போன காலுக்கு விரல் சந்துல வெடிச்சது தெரியாது, அந்த வெடிப்பு வழியா பாக்டீரியா ஏறி கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போறப்பதான் தெரியும். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் சுண்டு விரல் போச்சு. அவங்க காலுக்கு லோஷன் தடவலாம், ஆனா விரல் சந்துக்குள்ள தடவக்கூடாது, அங்க காஞ்சுதான் இருக்கணும். தினம் யாராவது டார்ச் அடிச்சுப் பாத்துக் குடுங்க, அவங்களால குனிய முடியாது.

புள்ளைங்களுக்கு உள்ளங்கால்ல வர்றதை எல்லாம் ஆணின்னு பிளேடு எடுக்காதீங்க. நடுவுல கறுப்புப் புள்ளி புள்ளியா இருந்து, ரெண்டு பக்கமும் கிள்ளிப் புடிச்சா வலிச்சா அது மருவா இருக்கலாம், அது வைரஸ், அதுவும் இந்த மாதிரி ஈரத் தரையில வர்றதுதான்.

எனக்கு குளோட்ரிமசோல் கிரீம் ஒரு மாசம் போட்டதும் போயிருச்சு, பத்தாவது நாளே அரிப்பு நின்னாலும் நிறுத்தாதீங்கன்னு டாக்டரம்மா மெரட்டி அனுப்புனதால முழுசா போட்டேன். வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம், நகத்துக்கு கிரீம் பத்தாது, ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்துட்டு 12 வாரம் மாத்திரை, புது நகம் முழுசா வளந்து வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். இப்ப பாதி நகம் நல்ல கலர்ல வந்துருச்சு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காலைக் காட்டுறாரு. கால்மிதியைத் தூக்கிப் போட்டுட்டேன்.

இன்னும் எழுதலாம், ஆனா மேற்கால இருட்டிக்கிட்டு வருது, பால்கனியில ரெண்டு ஜோடி சப்பாத்து காய வச்சிருக்கேன், உள்ள எடுத்து வச்சுட்டு வர்றேன்.