மண்சட்டி இருக்கிறது, காடு எங்கே?

நான்கு வழிச்சாலை ஓரமெல்லாம் 'கிராமத்து விருந்து' உணவகங்கள் பெருகிவிட்டன. வாசலில் வண்டிச்சக்கரம், உள்ளே லாந்தர் விளக்கு, மேசைமேல் மண்சட்டி. கம்பங்கூழைச் சின்னக் கலயத்தில் ஊற்றிப் பிரியாணி விலை போடுகிறார்கள். விலை அவர்கள் பாடு. மண்சட்டியும் விறகடுப்பும் இருந்துவிட்டால் பழைய ருசி தானாக வந்துவிடும் என்று நம்பவைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சமையலில் பாதியைச் செய்தது காடு. காடு என்று நான் சொல்வது எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தை. புலி சிங்கம் தேடவேண்டாம்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே அமுச்சியின் (அம்மாவைப் பெற்றவர்) தோட்டத்து வீட்டில், எங்கள் பேச்சில் சாளையில்தான், என் பள்ளி விடுமுறைகள் எல்லாம் கழிந்தன. மழை பெய்து சோளம் முழங்கால் உயரம் வந்ததும், ஊடே பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் தாமாக முளைத்துக் கிடக்கும். யாரும் விதைத்ததில்லை. களை வெட்டப் போகும் பெண்கள் கொழுந்தாகக் கிள்ளி மடி நிறையக் கட்டிக்கொண்டு வருவார்கள். அமுச்சி அதைச் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், துளிப் புளியோடு வேகவைத்து, சட்டியைப் பிரிமணையில் இறக்கி, இரண்டு பாதங்களாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு மத்தால் கடைவார். கீரை குழைந்து சட்டியின் ஓரத்தில் நுரை கட்டும்போது கடலெண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டுவார். சுடச்சுட ராகிக் களியில் குழி பறித்து அதை ஊற்றினால், பேச்சு மூச்சு இருக்காது.

இதன் செய்முறை யூடியூபில் நூறு கிடைக்கும். கீரைதான் கிடைக்காது. சோளக்காடுகளில் பெரும்பகுதி இன்று மக்காச்சோளக் காடு. விளைவது கோழித் தீவனத்துக்குப் போகிறது. விதைத்த கையோடு அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளித்துவிட்டால் அகன்ற இலைக் களை எதுவும் தலைதூக்காது. பண்ணைக்கீரையும் அந்தக் கணக்கில் களைதான். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. களை வெட்ட ஆள் வேண்டாமா? ஆட்கள் எல்லாரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேன் ஏறிவிட்டார்கள். அங்கே மாதம் தவறாமல் சம்பளம் வருகிறது.

மோர் கதை இதைவிட வேடிக்கை. காங்கேயம் பசு உழைப்புக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், கறவை குறைவு. நேரத்துக்கு இரண்டு லிட்டர் கறந்தால் அதுவே அதிகம். அந்தக் கொஞ்சம் பாலிலும் தயிர் உறைந்தது, வெண்ணெய் எடுத்தார்கள், வழியோடு போகிறவர்களுக்கும் ஒரு சொம்பு மோர் இருந்தது. மோரைக் காசுக்கு விற்பது கேவலம் என்று அமுச்சி நினைத்தார். பிறகு கலப்பினக் கறவைகள் வந்தன. பத்து லிட்டர் கறக்கும் வீட்டில் பால் நேராகச் சொசைட்டிக்குப் போகிறது. விருந்தாளி வந்தால் பாக்கெட் தயிர் வாங்கக் கடைக்கு ஆள் ஓடுகிறது. அந்தப் பால் பணத்தில்தான் பல பெண்கள் கல்லூரி முடித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதனால் பழையபடி வாழவேண்டும் என்று நான் கூப்பாடு போடவில்லை. கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் இட்டு இடிக்கவேண்டும், முறத்தில் புடைத்து உமி போக்கவேண்டும், மறுபடி இடித்து நொய்யும் மாவுமாகப் பிரிக்கவேண்டும். என் அம்மாவின் உள்ளங்கைக் காய்ப்பு அந்த உலக்கை தந்தது. ரேஷன் அரிசி வந்துதான் கம்பு அழிந்தது என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒரு படி கம்பை இடித்துக் காட்டிவிட்டுப் பேசட்டும்.

ஐ.நா. சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, கம்பு பிஸ்கட், ராகி நூடுல்ஸ் என்று கடைகள் நிறைந்தன. அவற்றையெல்லாம்விட, சித்திரை வெயிலில் தள்ளுவண்டியில் மோர்மிளகாயும் மாங்காய்க் கீற்றும் வைத்துக் கூழ் ஊற்றுகிறவர் எவ்வளவோ மேல். அவர் பாரம்பரியம் என்று வாயே திறப்பதில்லை. தாகத்துக்கு ஊற்றுகிறார், காசை வாங்கிக்கொள்கிறார்.

நண்பர்களில் யாராவது களைக்கொல்லி அடிக்காத சோளக்காடு வைத்திருந்தால், மழை விட்டதும் உள்பெட்டியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து களை எடுத்துத் தருகிறேன். கூலி வேண்டாம், கீரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.